ரீஃப் தொட்டியின் பழைய டியூபை எப்போது மாற்றுவது? காலண்டரா, கண்ணா, மீட்டரா?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கடி ரீஃப் தொட்டி, அதாவது உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. மேலே நான்கு டி5 டியூப் (மெல்லிய டியூப்லைட்) போட்ட விளக்குப் பட்டி. ஒவ்வொன்றும் 54 வாட். இரண்டு நீலம், இரண்டு வெள்ளை. சில வருடங்களுக்கு முன் பொங்கலுக்கு மதுரையிலிருந்து அக்கா வந்திருந்தாள். பையை இறக்கி வைத்ததும் தொட்டிப் பக்கம் போய் நின்றவள், "ஏன்டா, முன்னாடி நீலமா பளபளன்னு இருக்குமே, இப்ப தெருவிளக்கு மாதிரி இருக்கு?" என்றாள். தினமும் காலையும் மாலையும் அதன் முன்னால் உட்காருகிற எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அவள் ஒரு வருடம் கழித்துப் பார்க்கிறாள். நான் நாளுக்கு ஒரு துளி மங்குவதைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டேன்.

அந்த டியூப்களை வாங்கிய தேதி எனக்கு நினைவில்லை. எங்கும் எழுதி வைக்கவும் இல்லை. மறுநாளே கொளத்தூர் மீன்தொட்டிக் கடைகளுக்குப் போய் நான்கு புது டியூப் வாங்கி வந்து, ஒரே மாலையில் நான்கையும் மாற்றிவிட்டேன். தொட்டி புது வீடு மாதிரி ஜொலித்தது. மூன்றாம் நாள் தோல் பவளம் தன் விரல்களை எல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு வழவழவென்று நின்றது. ஸோவா என்ற பூ மாதிரி விரியும் சின்னப் பவளக் கூட்டம் மூடியது மூடியபடியே இருந்தது. பாறையின் மேல்தட்டில் இருந்த பச்சை மஷ்ரூம் பவளம் இரண்டும் பத்து நாளில் வெளுத்து, ஒன்று போயே போய்விட்டது. மங்கிய விளக்கால் அது சாகவில்லை, மங்கியதை நான் சரிசெய்த விதத்தில் செத்தது. அன்றிலிருந்து இந்த "எப்போது மாற்றுவது" என்ற கேள்வியை நான் சும்மா விடவில்லை. நம் ஊரில் ரீஃப் தொட்டி வைத்திருப்பவர்கள் ஆளுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அவற்றை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்து, எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் டியூபுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வோம். டியூபில் இருக்கும் பாதரச ஆவி மின்சாரம் பட்டதும் புற ஊதாக் கதிரை வெளியிடுகிறது. கண்ணாடியின் உட்புறம் பூசியிருக்கும் பொடி அதை வாங்கி, நாம் பார்க்கிற வெளிச்சமாக மாற்றித் தருகிறது. அந்தப் பொடிதான் நாளாக நாளாகச் சோர்கிறது. எல்லா நிறப் பொடியும் ஒரே வேகத்தில் சோர்வதில்லை. நீலம் கொடுக்கும் பொடி மற்றவற்றைவிடச் சீக்கிரம் தளர்ந்துவிடும். பவளத்துக்குள் குடியிருக்கும் நுண்பாசிக்கு அதிகம் வேண்டியது அந்த நீலம்தான். தனக்கு வேண்டிய சக்தியில் பெரும்பகுதியைப் பவளம் அந்தப் பாசியிடமிருந்தே பெறுகிறது. டியூபின் இரு முனைகளிலும் உள்ள கம்பிச்சுருளின் பூச்சு, ஒவ்வொரு முறை போடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். முனை கறுப்பது அதனால்தான்.

இங்கே குழப்பம் எங்கே வருகிறது என்றால், டியூப் அணைந்துபோவது வேறு, தேய்வது வேறு. நல்ல டி5 டியூபின் ஆயுள் என்று அட்டையில் 20,000 மணி நேரம் போட்டிருப்பார்கள். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் என்றால் ஐந்தரை வருடம். படிக்கிற அறைக்கு அந்தக் கணக்கு சரி. ரீஃப் தொட்டிக்கு அது எரியும், ஆனால் உதவாது. கடையில் இந்தப் பேச்சு எடுத்தால் இப்படித்தான் போகும்:

"நல்லாத்தானே எரியுது தம்பி, இன்னாத்துக்கு மாத்துற?"

"எரியுதுண்ணே. வெளிச்சம் அளக்கிற மீட்டர்ல இறங்கிடுச்சு."

"மீட்டரா? நான் இருவது வருசமா கண்ணாலதான் பாக்குறேன்."

அந்த அண்ணன்மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. மீனின் செவுளைப் பார்த்தே நோய் சொல்லிவிடுவார். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் கண்ணை நம்ப முடியாது. இருட்டுக்கும் வெயிலுக்கும் தானாகவே அனுசரித்துக்கொள்வதுதான் கண்ணின் வேலை. முப்பது சதவீதம் குறைந்தால்கூட, அது மெல்லக் குறைந்தால் கண்ணுக்குப் பிடிபடாது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

எரியும் வரை எரியட்டும்

அதிகம் பேர் செய்வது இதுதான். செலவு குறைவு என்று தோன்றும். மஷ்ரூம், தோல் பவளம் மாதிரி குறைந்த வெளிச்சத்தில் வாழக்கூடியவை மட்டும் இருக்கிற தொட்டியில் ஒன்றரை வருடம் வரை இதில் பெரிய சேதம் வராது. அவை தங்களைச் சரிசெய்துகொள்ளும். வெளிச்சம் குறையக் குறைய உள்ளே பாசியின் எண்ணிக்கையும் பச்சையமும் கூடும்; பவளம் பழுப்பாகும். ஸோவாவின் காம்பு மேலே எட்டிப் பார்க்கிற மாதிரி நீளும். இதைப் பார்த்து "நன்றாக வளர்கிறது" என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு, நானும் பட்டிருக்கிறேன். அது வெளிச்சம் தேடி நீள்கிறது.

இந்த வழியின் உண்மையான ஆபத்து கடைசியில் இருக்கிறது. ஒரு நாள் டியூப் அணைந்தே போகும், புதியது போட்டே ஆகவேண்டும். அரை வெளிச்சத்துக்குப் பழகி, உள்ளே பாசியை நிரப்பி வைத்திருக்கும் பவளத்தின் மேல் திடீரென்று முழு வெளிச்சம் விழும். தாங்க முடியாமல் அது பாசியை வெளியே தள்ளிவிடும். வெளுப்பது என்பது அதுதான். என் மஷ்ரூமுக்கு நடந்ததும் அதுதான். ஆகவே பல வகைப் பவளம் கலந்து வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி வேண்டாம் என்பேன்.

பாசி வந்த பிறகு மாற்றுவது என்று இதற்கு ஒரு கிளை வழி உண்டு. கண்ணாடியிலும் பாறையிலும் முடிப்பாசி படர்ந்தால், "டியூப் பழசு, மஞ்சளாகிவிட்டது, அதனால்தான்" என்று சொல்லிப் புதியது வாங்குவார்கள். நிறம் மாறுவது உண்மை. ஆனால் நான் பார்த்தவரை பாசிக்கு முதல் காரணம் தண்ணீரில் சேரும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். தீனியைக் குறைக்காமல், தண்ணீர் மாற்றாமல் டியூபை மட்டும் மாற்றினால் அதே பாசி இன்னும் நல்ல வெளிச்சத்தில் வளரும். நான்கு டியூபுக்கு எட்டாயிரம் ரூபாய் செலவழிப்பதற்கு முன் ஒரு பாஸ்பேட் சோதனை செய்து பார்த்துவிடுங்கள்.

காலண்டர் பார்த்து மாற்றுவது

ரீஃப் வளர்ப்பவர்களிடம் பல வருடமாகப் புழங்கும் கணக்கு ஒன்று உண்டு. டி5 என்றால் 9 முதல் 12 மாதம், மெட்டல் ஹாலைடு என்ற பலமான ஒற்றை பல்பு என்றால் ஏறக்குறைய ஒரு வருடம், வளைந்த காம்பாக்ட் டியூப் என்றால் 6 முதல் 9 மாதம். தேதி எழுதி வைத்தால் போதும், கருவி எதுவும் வேண்டாம். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இதுவே நல்ல வழி. மறதியால் மூன்று வருடம் ஓட்டுவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால் காலண்டருக்கு உங்கள் கூடம் தெரியாது. டி5 டியூப் தன் முழு வெளிச்சத்தையும் தருவது அதைச் சுற்றிய காற்று 35 டிகிரி அளவில் இருக்கும்போது. மே மாதம் வடசென்னையில் கூடத்தின் வெப்பமே அந்த அளவுக்கு வந்துவிடும். மூடிய பட்டிக்குள் நான்கு டியூப் எரியும்போது உள்ளே எவ்வளவு ஏறும் என்று யோசித்துப் பாருங்கள். சூடு ஏறினால் வெளிச்சம் அப்போதே குறைகிறது, டியூபும் சீக்கிரம் தேய்கிறது. பட்டிக்குள் சின்ன ஃபேன் இருக்கும் தொட்டியில் ஒரு வருடம் தாராளமாக ஓடும் டியூப், ஃபேன் இல்லாத தொட்டியில் ஒன்பது மாதத்திலேயே களைத்துவிடும். எத்தனை முறை கரண்டு போய் வருகிறது, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரமா பன்னிரண்டு மணி நேரமா என்பதெல்லாம் காலண்டரில் ஏறாது.

பணக் கணக்கும் பார்க்க வேண்டும். ஒரு டியூப் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நான்கு டியூப் 8,000. ஒன்பது மாதத்துக்கு ஒரு தடவை மாற்றினால் மூன்று வருடத்தில் நான்கு முறை, 32,000 ரூபாய். ஒரு வருடத்துக்கு ஒரு தடவை என்றால் 24,000. இந்த எட்டாயிரம் வித்தியாசத்தில் ஒரு நல்ல புரோட்டீன் ஸ்கிம்மருக்கான (தண்ணீரின் கழிவை நுரையாக்கி எடுக்கும் கருவி) பணத்தைச் சேர்க்க ஆரம்பிக்கலாம். தேய்ந்ததா இல்லையா என்று தெரியாமலேயே மாற்றுவதற்கு அது பெரிய விலை.

மீட்டர் வைத்துப் பார்ப்பது

நான் இப்போது செய்வது இது. பவளத்துக்குப் பயன்படும் வெளிச்சத்தை, அதாவது 400 முதல் 700 நானோமீட்டர் வரை உள்ள ஒளியை, நேரடியாக அளக்கும் பார் மீட்டர் ஒன்று உண்டு. நல்ல கருவிதான், ஆனால் விலை அதிகம். ஒரு தொட்டிக்காக வாங்கச் சொல்ல மனம் வராது. நாலைந்து நண்பர்கள் சேர்ந்து வாங்கினால் நல்லது. சாதாரண லக்ஸ் மீட்டர் அதைவிட எவ்வளவோ மலிவு. அதுவும் இல்லையென்றால் போனில் இருக்கும் ஒளி சென்சாரை வைத்து அளக்கும் செயலி போதும், ஒவ்வொரு முறையும் அதே போனைப் பயன்படுத்தினால்.

லக்ஸ் மீட்டரை ரீஃப்காரர்கள் சிலர் ஏளனமாகப் பார்ப்பார்கள். மனிதக் கண்ணுக்காகச் செய்த கருவி அது. பச்சையை அதிகமாகவும் நீலத்தைக் குறைவாகவும் எடைபோடும். அதனால் "என் தொட்டியில் இத்தனை லக்ஸ், உன் தொட்டியில் எத்தனை?" என்று ஒப்பிட்டால் அது தப்பு. அதே பட்டி, அதே டியூப், அதே இடம் என்று நேற்றையும் இன்றையும் ஒப்பிட அது போதுமான கருவி. ஒரு ஜாக்கிரதை மட்டும் வேண்டும். டியூப் மஞ்சளாகத் திரும்பும்போது லக்ஸ் கணக்கில் இறக்கம் குறைவாகத் தெரியும். நிஜத்தில் நீலம் அதைவிட அதிகமாக இறங்கியிருக்கும். இதற்காகத்தான் நான் நீல டியூப் இரண்டையும் வெள்ளை இரண்டையும் தனித்தனியாகவும் அளக்கிறேன். பெரும்பாலான பட்டிகளில் இரண்டு சுவிட்ச் இருக்கும் என்பதால் இது சுலபம்.

செய்யும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதில் சோம்பல் பட்டால் எண்ணுக்கு அர்த்தம் இல்லை. இரவில், கூடத்து விளக்கை அணைத்துவிட்டு அளக்க வேண்டும். டியூப் போட்டு அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். குளிர்ந்த டியூப் முழு வெளிச்சம் தராது. தொட்டியின் விளிம்பில் குறுக்காக ஒரு மரச்சட்டம் வைத்து, அதன் நடுவில் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறேன். சென்சார் எப்போதும் அந்த வட்டத்தில்தான் உட்காரும். புது டியூபின் முதல் அளவை அன்றே எடுக்கக் கூடாது. முதல் 100 மணி நேரம் அது நிலைகொள்ளாமல் இருக்கும். பத்து நாள் கழித்து எடுக்கும் எண்தான் அடிப்படை. அதைத் தேதியோடு பட்டியின் மேல்தகட்டில் மார்க்கரால் எழுதிவிடுவேன். நோட்டில் எழுதினால் நோட்டு தொலைந்துவிடும்.

மீட்டர் வாங்கிய பிறகு போட்ட முதல் செட்டில் அடிப்படை எண் 18,200 லக்ஸ். நான்கு மாதத்தில் 16,500. ஒன்பதாம் மாதம் அளந்தால் 14,100. அதாவது நூற்றுக்கு 77. காலண்டர்காரர்கள் சொன்னது சரிதான், மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்போது பட்டியின் அடியில் இருக்கும் கண்ணாடித் தடுப்பில் விரலை வைத்தேன். வெண்மையாக, சொரசொரவென்று உப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர்க் குமிழி வெடித்துத் தெறிக்கும் துளிகள் காய்ந்து காய்ந்து மெல்லிய திரை போட்டிருந்தன. ஆர்ஓ தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தேன். விடாத கறைக்குக் கொஞ்சம் வினிகர். உள்ளே டியூபின் மேலும் ரிஃப்ளெக்டரிலும் தூசி இருந்தது. அதையும் விளக்கு ஆறிய பிறகு துடைத்தேன். திரும்ப அளந்தால் 15,300. நூற்றுக்கு 84. ஏழு சதவீத வெளிச்சத்தை உப்புதான் தின்றுகொண்டிருந்தது. அந்த செட் பதின்மூன்றாம் மாதம்தான் 13,000-க்கு, அதாவது 71 சதவீதத்துக்கு இறங்கியது. நான்கு மாதம் கூடுதலாகக் கிடைத்தது, ஒரு துணியால். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில், காசிமேட்டுக் காற்றில் கதவுத் தாழ்ப்பாளே துருப்பிடிக்கும் ஊரில் இருப்பவர்கள் மாதம் ஒரு தடவையாவது அந்தக் கண்ணாடியைத் துடையுங்கள்.

எவ்வளவு இறங்கினால் மாற்றுவது? கடுமையான வெளிச்சம் கேட்கும் கிளைப் பவளம் வைத்திருந்தால் 20 சதவீதம். கலந்த தொட்டிக்கு 25 முதல் 30. மஷ்ரூமும் தோல் பவளமும் மட்டும் என்றால் 40 வரை பொறுக்கலாம். இது என் அனுபவத்தில் வந்த எல்லை. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் கடலின் கல் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்தது என்று யாராவது ஒரு கிளையை நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள். விளக்கைப் பற்றி இவ்வளவு அக்கறைப்படுகிறவர்கள், அது பிடுங்கப்பட்ட பாறையைப் பற்றியும் அக்கறைப்பட வேண்டும்.

டியூப் வர ஒரு மாதம் ஆகும், இங்கே எண் இறங்கிவிட்டது என்றால் ஒரு தற்காலிக வழி உண்டு. பட்டியைத் தொங்கவிட்டிருந்தால் நாலைந்து சென்டிமீட்டர் இறக்கி, சட்டத்தில் வைத்து அளந்து, பழைய எண்ணுக்குக் கொண்டுவரலாம். தெறிக்கும் உப்பு கூடும், அடிக்கடி துடைக்க வேண்டும், அவ்வளவுதான். வெளிச்ச நேரத்தை இரண்டு மணி நேரம் கூட்டுவது இதற்கு ஈடாகாது. பவளத்துக்கு வேண்டியது வலு. நேரத்தைக் கூட்டினால் பாசிக்குத்தான் கொண்டாட்டம்.

நான்கையும் சேர்த்தா, ஒவ்வொன்றாகவா?

எப்போது என்பதைவிட எப்படி என்பது முக்கியம் என்று எனக்கு இந்த இடத்தில்தான் உறைத்தது. ஒரு எளிய கணக்கு போட்டுப் பார்ப்போம். டியூப் மாதத்துக்கு 2 சதவீதம் தேய்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கையும் வருடத்துக்கு ஒரு முறை மாற்றினால், மாற்றுவதற்கு முந்தின நாள் தொட்டியில் 76 சதவீத வெளிச்சம். மறுநாள் 100. பவளத்தின் பக்கம் நின்று பார்த்தால் ஒரே நாளில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது.

அதே நான்கு டியூபை மூன்று மாதத்துக்கு ஒன்றாக மாற்றினால் எப்போது பார்த்தாலும் ஒன்று புதிது, ஒன்று மூன்று மாதம், ஒன்று ஆறு, ஒன்று ஒன்பது. சராசரி 91 சதவீதம். அடுத்த டியூப் மாற்றும் முன் 85-க்கு இறங்கும், மாற்றியதும் திரும்ப 91. ஒரு தடவைக்கு ஏறுவது ஏழு சதவீதம்தான். பவளம் அதைக் கண்டுகொள்வதே இல்லை. வருடச் செலவு அதே 8,000. ஆனால் ஒரே மாதத்தில் எட்டாயிரத்துக்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு இரண்டாயிரம்; மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது எவ்வளவு நிம்மதி என்று சொல்ல வேண்டியதில்லை.

மீட்டரையும் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம். நான்கும் சேர்ந்த மொத்த எண், அடிப்படை எண்ணில் 85 சதவீதத்துக்கு வந்தால், இருப்பதிலேயே பழைய டியூபை மட்டும் மாற்றுகிறேன். சில சமயம் அது மூன்று மாதத்தில் வருகிறது, ஃபேன் நன்றாக ஓடினால் நான்கு மாதம். இந்த முறையை ஆரம்பிக்கும்போது ஒரு சிக்கல் உண்டு: நான்கும் ஒரே நாளில் போட்டவை என்றால் எங்கிருந்து தொடங்குவது? ஆறாம் மாதமே முதல் டியூபை மாற்றிவிடுங்கள். பிறகு ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து. முதல் சுற்றில் ஒன்று கொஞ்சம் முன்னதாகப் போகும், ஒன்று கொஞ்சம் தாமதமாகப் போகும். அடுத்த சுற்றிலிருந்து சீராகிவிடும். இதில் நஷ்டம் என்று பார்த்தால், நாலு தடவை கொளத்தூர் போக வேண்டும். அதை நான் நஷ்டமாக நினைப்பதில்லை.

சேர்த்துத்தான் மாற்றியாக வேண்டும் என்ற நிலை வந்தால் கொசுவலை இருக்கிறதே. ஜன்னலுக்கு அடிக்கும் நைலான் வலையை மூன்று மடிப்பாக வெட்டி, பட்டிக்கும் தண்ணீருக்கும் நடுவில், டியூபைத் தொடாமல் கட்டிவிடுங்கள். வாரத்துக்கு ஒரு மடிப்பு எடுக்கவும். கம்பி வலை வேண்டாம். துரு தண்ணீரில் விழும். கூடவே வெளிச்ச நேரத்தையும் முதல் வாரம் ஆறு மணி நேரமாகக் குறைத்து, பிறகு ஏற்றிக்கொண்டே போகலாம். மீட்டரில் பார்த்த அந்த முதல் செட்டை நான் இப்படித்தான் மாற்றினேன். ஒரு ஸோவாகூட மூடவில்லை.

மெட்டல் ஹாலைடு வைத்திருப்பவர்களுக்கு

இங்கே ஒவ்வொன்றாக மாற்றும் சௌகரியம் இல்லை; பெரும்பாலும் ஒரு தொட்டிக்கு ஒரு பல்புதான், 150 அல்லது 250 வாட். 14,000 கெல்வின் (எண் கூடினால் நீலம் கூடும்) என்று வாங்கிய பல்பு வயதாக ஆக மஞ்சள் பக்கம் நகரும். கரண்டு ஒரு நொடி போய் வந்தால்கூட, சூடான பல்பு ஆறிய பிறகுதான் திரும்பப் பற்றும். அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். மின்தடை அடிக்கடி வரும் தெருவில் ஒவ்வொரு பற்றவைப்பும் அதன் ஆயுளைக் கொஞ்சம் குறைக்கும். அதனால் இதற்கு மட்டும் காலண்டர், மீட்டர் இரண்டையும் வைத்து எது முந்துகிறதோ அதன்படி மாற்றச் சொல்வேன். மாற்றியதும் விளக்கை ஒரு சாண் தூக்கிவிட்டு வாரவாரம் இறக்குங்கள். உள்குழலை வெறும் விரலால் தொட வேண்டாம், விரலின் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் பழுதாகும். வெளிக்குடுவை இல்லாத இருமுனை பல்பை அதற்கான கண்ணாடித் தடுப்பு இல்லாமல் போடவே கூடாது. புற ஊதாக் கதிர் நேராகப் பவளத்தின் மேலும் உங்கள் கண்ணிலும் விழும்.

எல்இடிக்கு மாறிவிடலாமா?

"இந்தத் தலைவலியே வேண்டாம், எல்இடி போடு" என்பவர்கள் பேச்சில் நியாயம் இருக்கிறது. என் நான்கு டியூபும் சோக்கும் சேர்ந்து ஏறக்குறைய 235 வாட் இழுக்கின்றன. பத்து மணி நேரத்துக்கு 2.35 யூனிட், இரண்டு மாத பில்லில் 141 யூனிட். 120 வாட் எல்இடி அதே இரண்டு மாதத்தில் 72 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று கணக்குப் போட்டால் ஒரு பில்லுக்கு 550 ரூபாய் மிச்சம், வருடத்துக்கு 3,300. டியூப் செலவான 8,000-ஐயும் சேர்த்தால் நல்ல எல்இடியின் விலை சில வருடங்களில் திரும்பி வந்துவிடும். தண்ணீர் சூடாவதும் குறையும், மே மாதத்தில் அது சின்ன விஷயம் இல்லை.

பொது வெளிச்சத்துக்கான ஃப்ளோரசென்ட் குழல்களை 2027க்குள் நிறுத்துவது என்று பாதரசம் தொடர்பான மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் முடிவு செய்துள்ளன. மீன்தொட்டிக்கான டியூப் தனி வகைதான். இருந்தாலும் டியூப் தொழிலே சுருங்கும்போது நமக்குக் கிடைப்பதும் குறையும் என்றே நினைக்கிறேன்.

ஆனால் எல்இடிக்கு வயதே ஆகாது என்று நினைப்பது தப்பு. 50,000 மணி நேரம் என்பது வெளிச்சம் 70 சதவீதத்துக்கு இறங்கும் காலம். பத்து மணி நேரக் கணக்கில் பதின்மூன்று வருடம். அதற்குள் ஃபேன் நிற்கும், மின்சாரம் கொடுக்கும் டிரைவர் போகும், லென்ஸ் மஞ்சளாகும், உப்பு உள்ளே புகும். ஃபேன் நின்றதைக் கவனிக்காமல் விட்டால் சூட்டில் எல்இடியும் வேகமாகத் தேயும். எனவே அங்கேயும் அதே மரச்சட்டம், அதே மீட்டர், வருடத்துக்கு இரண்டு முறை. டியூப் தொட்டி முழுவதும் சீராக வெளிச்சத்தைப் பரப்பும். எல்இடியில் நேர் கீழே பலமாகவும் பாறையின் ஓரங்களில் நிழலாகவும் விழும். டியூபிலிருந்து மாறுபவர்கள் முதல் மாதம் 40, 50 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். கண் சொல்வதைக் கேட்க வேண்டாம்.

பழைய டியூபை என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை, அதனால் நானே சொல்கிறேன். அதில் பாதரசம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளிலேயே டியூப்லைட் வீட்டு அபாயக் கழிவு வகையில் சேர்க்கப்பட்டது. குப்பையோடு போடக் கூடாது, தனியாகத்தான் கொடுக்க வேண்டும். புது டியூப் வந்த அட்டையிலேயே பழையதைப் போட்டு எடுத்து வையுங்கள். ஒரு தடவை மூலக்கடை அருகே வேகத்தடையில் பைக் குதித்து, புது டியூப் ஒன்று மடியிலேயே உடைந்தது. அப்புறம் நான்கடி பிவிசி பைப் ஒன்றை, இரண்டு முனைக்கும் மூடி போட்டு, பைக்கில் கட்டிக்கொண்டுதான் போகிறேன். வீட்டுக்குள் உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே இருங்கள். பிறகு துடைப்பத்தால் பெருக்காமல், கெட்டியான அட்டையால் வழித்து, மிச்சத்தை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

என் தொட்டி இப்போது இரண்டாம் சுற்றில் இருக்கிறது. போன வாரம் மொத்த எண் 15,600, இடது ஓர நீல டியூபின் முறை. புது டியூப் பைப்புக்குள் தயாராக இருக்கிறது. வலது பக்கச் சோக் மட்டும் சில நாளாக லேசாக முனகுகிறது. அது போனால் புதுச் சோக் வாங்கப் போவதில்லை; அந்தப் பக்கத்து இரண்டு டியூபையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு எல்இடி பட்டை வைத்து, முதல் நாள் மீட்டரில் பழைய எண் வரும் அளவுக்கு மட்டும் ஏற்றப் போகிறேன். தகட்டில் அதற்கும் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.